பக்கத்து வீட்டு ஓவியர்

ஓவியக் கலாசாலையில் சில வருஷங்கள் பயின்று வெளியேறும் இளைஞன் முதலில் இழப்பது, பக்கத்தில் நின்று தன் கித்தானோடு தானும் போராடிக்கொண்டிருந்த தோழனை. ஆசிரியரின் போதனை நினைவில் தங்கிவிடும். ஆனால் பாதியில் நின்றுபோன படத்தின் முன் வந்து நின்று, மூலையிலுள்ள சிவப்பு மற்ற நிறங்களையெல்லாம் விழுங்குகிறது என்று கூசாமல் சொல்லக்கூடிய ஒருவன், வாடகை அறையின் ஏகாந்தத்தில் எளிதில் வாய்ப்பதில்லை. விமர்சகர் முடிந்த படத்தைத்தான் காண்கிறார். வாங்குபவர் அதற்கும் பிறகே வருகிறார்.

இந்த இழப்பை உணர்ந்து அதற்கு ஒரு பரிகாரமும் தேடிய மனிதர் கே.சி.எஸ். பணிக்கர். 1944இல் சகாக்களுடன் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவியவரும், 1850இல் தோன்றிய சென்னை ஓவியப் பள்ளிக்குப் பிற்காலத்தில் முதல்வரானவருமான அவர், தம்மிடம் பயின்ற திறமைசாலிகள் வயிற்றுப்பாட்டுக்காக விளம்பரப் படங்களிலும் அலுவலக உத்தியோகங்களிலும் தங்கள் ஆற்றலைக் கரைத்துவிடக்கூடும் என்பதைக் கண்டு கவலைப்பட்டார். நவீன ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் அந்நாளில் சென்னையில் மிகச் சிலரே. ஆகவே, படத்தை நம்பிப் பிழைக்காமல் படம் வரைவதற்காகவே பிழைக்கும் வழியொன்றை அவரும் மாணவர்களும் சேர்ந்து தேடினார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது பத்திக்.

உருக்கிய மெழுகினால் துணியில் உருவம் தீட்டி, அதைச் சாயத்தில் முக்கி, மெழுகு படாத இடங்களில் மட்டும் நிறம் ஏறச் செய்து, மீண்டும் மெழுகிட்டு, மீண்டும் வேறொரு சாயத்தில் முக்கி, இறுதியில் கொதிநீரில் மெழுகை நீக்கும்போது, மெழுகு வெடித்த கீற்றுகளின் வழியே புகுந்த சாயம் மெல்லிய நரம்புகளாக ஓடி நிற்கும் அந்த வேலை, கோட்டின் மீது பிடிமானமுள்ள கைகளுக்கு இயல்பாகவே வசப்பட்டது. துணிகள் விற்றன. கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, விற்ற பணத்தைச் சேர்த்து, மாமல்லபுரம் செல்லும் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் மணற்பாங்கான கடலோர நிலத்தை வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. சம்பாத்தியத்துக்குக் கைவினை, ஆத்ம திருப்திக்கு ஓவியமும் சிற்பமும் என்று அவர்கள் தங்கள் உழைப்பைப் பகுத்துக்கொண்டார்கள்.

சோழமண்டலத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் சுயசார்பைத்தான் போற்றுகிறார்கள். அது போற்றத்தக்கதே. எனினும், சாயத்தொட்டி ஈட்டிய பணத்தைக் காட்டிலும் அது சம்பாதித்துக் கொடுத்த அண்டை வீடுகளே பெரிய செல்வம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஒருவர் வீட்டுத் திண்ணையில் காயும் படம் இன்னொருவர் கண்ணில் தினமும் படுகிற இடத்தில், முகஸ்துதி நெடுநாள் நிலைக்காது. பொறாமைகூடச் சில சமயம் உழைப்பாக மாறிவிடும். அத்தகைய நெருக்கம் எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடாதா என்ற சந்தேகம் நியாயமானதே. கோட்டின் மீதான பிரேமை அவர்களில் பலருக்கும் பொதுவாக இருந்ததை மறுக்க முடியாது. ஆயினும் ஹரிதாசனின் தாந்திரிக வடிவங்களையும், சுல்தான் அலியின் நாட்டார் மரபில் வேரூன்றிய காளைகளையும் சர்ப்பங்களையும், நந்தகோபால் உலோகத் தகடுகளைப் பற்றவைத்து எழுப்பிய சிற்பங்களையும் ஒருசேரப் பார்ப்பவர், ஒருவரை இன்னொருவராக மயங்க இடமேயில்லை.

பணிக்கரின் பங்கில் என்னை மிகவும் கவர்வது வேறொன்று. ஐம்பது பிராயத்தைக் கடந்தபின், 1963 வாக்கில், அதுவரை அடைந்த பெயரையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, எழுத்துகளும் எண்களும் ஜாதகக் கட்டங்களை ஒத்த குறிகளும் நிறைந்த, அவருக்கே புதிதான ஒரு பாதையில் அவர் இறங்கினார். ஆசானே சீடர்களின் கண்ணெதிரில் மறுபடியும் ஆரம்பப் பாடம் படிப்பதைக் காண்பதைவிட, அவர்களுக்கு வேறென்ன தைரியம் வேண்டும்?

கே. ராமானுஜத்தைச் சொல்லாமல் இதை எழுதுவது நேர்மையாகாது. பேச்சில் தடுமாற்றமும் மனத்தில் துயரமும் கொண்ட அந்த இளைஞர், மாடமாளிகைகளும் விசித்திர மிருகங்களும் தொப்பியணிந்த தம் சொந்த உருவமும் கலந்த கனவுலகத்தைப் பேனா மையினால் நுணுக்கமாக வரைந்தார். உலகம் மந்தபுத்தி என்று தள்ளிவிடக்கூடிய ஒருவரிடம் பணிக்கர் மேதையைக் கண்டார். கிராமம் அவருக்குத் தங்க இடமும், வரைந்ததை மதித்துப் பார்க்கும் கண்களும் தந்தது. அப்படியிருந்தும் 1973இல் அவர் அகாலமாக மறைந்தார். சகாக்களின் அன்பு ஒருவருடைய கலையைக் காத்துவிடலாம். உள்ளே குடிகொண்ட தனிமையை அது முற்றிலும் போக்கிவிடும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

இன்றைய நிலவிலையில் கடற்கரையோரம் இன்னொரு கிராமத்தை இளம் ஓவியர்கள் கனவு காண்பது சிரமம். ஆனால் மாதம் ஒரு மாலை நாலைந்து பேர் ஒருவர் அறையில் கூடுவதற்கு நிலம் வாங்க வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்துக்கு முடிந்த படத்தை யாரும் கொண்டுவரலாகாது. வரைந்தவர் முதலில் வாய் திறவாமல் மற்றவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். மூத்தவர்களும் தங்கள் அரைகுறைப் படத்தோடுதான் வர வேண்டும். கூடுவதற்கு இட வசதியுள்ள காட்சிக்கூடத்தார் யாரேனும், திறப்பு விழாக்கள் இல்லாத ஒரு மாலையை இதற்கு ஒதுக்கித் தருவார்களானால், அவர்களுடைய சுவரில் பின்னால் தொங்கப்போகும் படங்களுக்கே அது நன்மை செய்யும்.