திறக்கிறது ஒரிஜினல் இல்லை, ஒரிஜினல் திறக்கிறதில்லை

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னைக்கும் நேரம் கிடைச்சு எழுத வரலை, வயித்தெரிச்சல் தாங்காம வந்திருக்கேன். ஒரு வீடியோ ஃபைல் திறக்கலை. அவ்வளவுதான் விஷயம். "இதுக்கா இந்த பில்டப்பு"ன்னு கிளம்பிடாதீங்க. முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

நான் குப்பை கொட்டுறது பெங்களூர் பொம்மனஹள்ளிப் பக்கம். எங்க அபார்ட்மென்ட் காம்பவுண்டை ஒட்டி ஒரு இஸ்திரி வண்டி உண்டு. அந்த அண்ணனுக்கு சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். நான் இங்க வந்த புதுசுல கன்னடம் தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னப்ப, "என்ன தம்பி, எந்த ஊரு?"ன்னு தமிழ்ல கேட்ட முதல் ஆள் அவர்தான். மூணு மாசம் முன்னாடி, விடிகாலை அஞ்சே முக்காலுக்கு அவர் வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தப்ப ஒரு கார் இடிச்சுட்டு நிக்காமப் போயிடுச்சு. வலது கால்ல ரெண்டு இடத்துல முறிவு. ராடு வச்சிருக்காங்க. நாங்க ஓடி வர்றதுக்குள்ள கார் மறைஞ்சாச்சு. ஆனா எங்க கேட் கேமரா பார்த்துச்சு.

இங்க ஒரு கணக்கு சொல்லணும். இடிச்ச வண்டி எதுன்னு தெரியாமலே போனா, 2022 ஏப்ரல்ல வந்த மத்திய அரசுத் திட்டப்படி பலத்த காயத்துக்குக் கிடைக்கிறது 50,000 ரூபாய். உயிரே போனா 2 லட்சம். வண்டி நம்பர் தெரிஞ்சா கதையே வேற. இன்ஷூரன்ஸ் கம்பெனியை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். வயசு, வருமானம், எவ்வளவு ஊனம், எத்தனை மாசம் வேலை போச்சு எல்லாத்தையும் கணக்குப் போடுவாங்க. ஆக, அண்ணனோட அடுத்த சில வருஷம் ஒரு நம்பர் பிளேட்டுல தொங்கிக்கிட்டிருக்கு. அந்த நம்பர் பிளேட் எங்க டி.வி.ஆர். பெட்டிக்குள்ள.

அசோசியேஷன் செக்ரட்டரி சாரும் நானும் பென் டிரைவ்ல காப்பி எடுத்தோம். மொத்தம் ரெண்டு ஃபைல். ஒண்ணு, நான் பதினஞ்சு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல பார்த்தே இராத ஒரு மூணெழுத்து வால் வச்ச வீடியோ. இன்னொண்ணு, அந்த வீடியோவைப் பார்க்கிறதுக்குன்னே அதே கம்பெனி தர்ற பிளேயர். விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போனோம். அங்க இருந்த கம்ப்யூட்டர்ல, பென் டிரைவ்ல வந்த பிளேயரை ஆன்ட்டிவைரஸ் வாசல்லயே மடக்கிடுச்சு. அது தப்பும் இல்லை. தெரியாத ஆள் கொண்டு வர்ற புரோகிராமை போலீஸ் கம்ப்யூட்டர்ல ஓட்டக் கூடாதுதான். ரைட்டர் நல்ல மனுஷன். "ஓபன் ஆக்தில்ல சார், பேரே ஃபார்மேட்டல்லி கொடி"ன்னார். வேற ஃபார்மேட்ல கொடுங்கன்னு அர்த்தம்.

கேமரா மாட்டின டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். அவர் சொன்ன தீர்வைக் கேளுங்க: "ஸ்க்ரீன்ல ஓட விட்டு மொபைல்ல ஷூட் பண்ணி வாட்ஸாப்ல அனுப்பிடுங்க சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." பண்ணினோம். வாட்ஸாப் தன் பங்குக்கு இன்னொரு தடவை பிழிஞ்சதுல, நம்பர் பிளேட் வெள்ளையா ஒரு கடலை மிட்டாய் சைஸுக்கு வந்து நின்னுச்சு.

சரி, இது ஏன் இப்படி? டெக்னிக்கல் ஆளுங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். வீடியோ ஃபைல்ங்கிறது டிபன் கேரியர் மாதிரி. வெளியில இருக்கிறது கேரியர்: எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி. எல்லாம் கேரியரோட பேருதான். உள்ள இருக்கிற சாப்பாடு வேற: எச்.264, எச்.265, ஏவி1ன்னு படத்தைச் சுருக்குற முறைகள். கூத்து என்னன்னா, பெரும்பாலான டி.வி.ஆர். பெட்டிக்குள்ள இருக்கிற சாப்பாடு உலகம் முழுக்க சாப்பிடுற அதே எச்.264 இல்லேன்னா எச்.265தான். ஒண்ணும் ரகசிய சமையல் இல்லை. கேரியர் மூடியை மட்டும் தன் ஸ்பேனர் இருந்தாத்தான் திறக்கிற மாதிரி சில கம்பெனிங்க செஞ்சு விக்கிறாங்க.

இதுல எச்.265னா உள்ளயும் ஒரு பூட்டு. 2013-ல வந்த அந்த முறைக்கு ராயல்டி வசூல் பண்ண 2017-க்குள்ள தனித்தனியா மூணு காப்புரிமைக் கூட்டணிகள் உண்டியலோட நின்னாங்க. அதே 2017-ல விண்டோஸ் 10-லிருந்து எச்.265 வசதியைக் கழட்டின மைக்ரோசாஃப்ட், பிறகு அதை ஒரு டாலருக்கு ஒரு சென்ட் கம்மியா தனியா வித்துச்சு. நீங்க ஐபோன்ல எடுத்து அனுப்பின காதுகுத்து வீடியோ ஊர்ல அப்பாவோட கம்ப்யூட்டர்ல சத்தம் மட்டும் கேட்டு படம் வராமப் போனா, பெரும்பாலும் காரணம் இதுதான். 2017-ல வந்த ஐஓஎஸ் 11-லிருந்து அந்த போன்கள் தானாவே எச்.265-லதான் எடுக்குது.

"வி.எல்.சி. இருக்கே தல!" அப்படின்னு பின்னூட்டம் போட விரல் துடிக்கும். போட்டுப் பார்த்தேன். ஓடுச்சு. எப்படி ஓடுச்சு? பாதி நேரம் பச்சைச் சாயம் பூசின மாதிரி, மீதி நேரம் ஜெட் வேகத்துல. வி.எல்.சி. மேல எனக்குக் கோயில் கட்டுற அளவுக்கு மரியாதை. 1996-ல பாரீஸ்ல காலேஜ் பசங்க ஆரம்பிச்சு, 2001-ல இலவச மென்பொருளா வெளியிட்டு, 2025 ஜனவரிக்குள்ள 600 கோடி டவுன்லோடைத் தாண்டினது அது. ஆனா அதே வி.எல்.சி.யோட வெப்சைட்டை 2022 பிப்ரவரியிலிருந்து நம்ம நாட்டுல முடக்கி வச்சிருந்தாங்க. வீடியோலான் அமைப்பும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனும் வக்கீல் நோட்டீஸ் விட்ட பிறகு நவம்பர்லதான் தடை நீங்குச்சு. யாரோ நல்லவங்க இலவசமா செஞ்சு தர்ற ஒண்ணை நம்பி ஒரு நாட்டோட சாட்சியத்தை நிறுத்தி வைக்க முடியுமா? கம்பெனிக்காரன் போட்ட பூட்டைத் திறக்கிறது வி.எல்.சி.யோட கடமையா?

கடைசியில வாரக் கடைசி ரெண்டு நாள் உட்கார்ந்து, எஃப்எஃப்எம்பெக் வச்சு மூடியைக் கழட்டி, உள்ள இருந்ததை அப்படியே எம்.பி.4-க்கு மாத்தினேன். படத்துல ஒரு புள்ளி கூட மாறலை. ஃபிரேம் ஃபிரேமா நகர்த்திப் பார்த்தா ஒரே ஒரு ஃபிரேம்ல நம்பர் தெரியுது. கடைசி எண் மட்டும் மூணா எட்டான்னு சந்தேகம். தங்கமணியை எழுப்பிக் காட்டினேன். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் ஸ்டேஷன்ல அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம் கூடத் தாங்கலை. இந்தப் படத்துல தேதியும் மணியும் எங்கன்னு கேட்டாங்க. அந்தக் கம்பெனி கடிகாரத்தைப் படத்து மேல பதியாம, ஃபைலுக்குள்ள தனியா ஒளிச்சு வச்சிருக்கு. அவங்க பிளேயர்ல பார்த்தா மணி தெரியும். வெளியில எடுத்தா மணி போயிடும். போதாக்குறைக்கு, நான் கேரியரை மாத்தினதால ஃபைலோட ஹேஷ் மாறிடுச்சு. 2024 ஜூலை 1 முதல் அமல்ல இருக்கிற பாரதிய சாட்சிய அதிநியமத்தோட 63-ஆவது பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தோட கொடுக்கிற சான்றிதழ்ல ஹேஷ் மதிப்பை எழுதணும். அந்தச் சான்றிதழ் சும்மா சம்பிரதாயமும் இல்லை. பழைய சட்டத்தோட 65பி காலத்துலயே, ஒரு தேர்தல் வழக்குல வந்த வீடியோ பதிவு சம்பந்தமா, ஒரிஜினல் கருவியையே கொண்டு வந்து காட்டலைன்னா சான்றிதழ் கட்டாயம்னு 2020-ல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் "இதை யார் மாத்தினது?"ன்னு கேட்டா, கூண்டுல நிக்க வேண்டியது நான்.

ஒரிஜினலைப் பெட்டியிலயே வந்து பார்க்கட்டும்னா, எங்க ஹார்ட் டிஸ்க் பதினஞ்சு நாளுக்கு ஒருதரம் மேலயே எழுதிக்கும். அவங்க வந்தது பதினாறாம் நாள்.

ஆக இப்ப என் கையில ரெண்டு ஃபைல் இருக்கு. திறக்கிறது ஒரிஜினல் இல்லை. ஒரிஜினல் திறக்கிறதில்லை.

கோபம் டெக்னீஷியன் மேலயோ ரைட்டர் மேலயோ இல்லை. கர்நாடகத்துல 2017-லயே பொதுப் பாதுகாப்புச் சட்டம் வந்துடுச்சு. கூட்டம் கூடுற கடை, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் எல்லாம் கேமரா வைக்கணும், 30 நாள் பதிவைச் சேமிக்கணும், இன்ஸ்பெக்டர் கேட்டா கொடுக்கணும். 2020 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் எல்லா போலீஸ் ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கச் சொல்லி, 18 மாசப் பதிவு இருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. அந்த வருஷம் சாத்தான்குளம் ஸ்டேஷன்ல என்ன நடந்துச்சுன்னு நமக்கு மறக்குமா? ஹார்ட் டிஸ்க்ல தாராளமா இடம் இருந்தும் பதிவு தினமும் தானா அழியிற மாதிரி செட்டிங் வச்சிருந்தாங்கன்னு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். கேமரா இருக்கிறது வேற, சாட்சி இருக்கிறது வேறன்னு அன்னைக்கே தெரிஞ்சுது. அழிச்சாலும் சாட்சி இல்லை, திறக்க முடியாம வச்சிருந்தாலும் சாட்சி இல்லை. எத்தனை கேமரா, எத்தனை நாள்னு எண்ணுறதுல இருக்கிற அக்கறையில பத்துல ஒரு பங்காவது, எடுத்ததைத் திறக்க முடியுதான்னு பார்க்கிறதுல வேணாமா?

கம்பெனிங்க ஒரு சப்பைக்கட்டு வச்சிருக்காங்க: "தனி ஃபார்மேட் இருந்தாத்தான் யாரும் வெட்டி ஒட்ட முடியாது, பாதுகாப்பு." சுத்த உடான்ஸ். வெட்டி ஒட்டினதைக் காட்டிக் கொடுக்கத்தான் ஹேஷும் டிஜிட்டல் கையெழுத்தும் இருக்கு. அது எம்.பி.4-லயும் வேலை செய்யும். மூடியை மறைக்கிறது பாதுகாப்பு இல்லை, அடுத்த தடவையும் நீங்க அவங்க கிட்டயே பெட்டி வாங்கணும்ங்கிற ஏற்பாடு. கேமரா பதிவை வெளியில எடுக்கிறது எப்படி இருக்கணும்னு ஐ.எஸ்.ஓ. 22311-ன்னு ஒரு தரநிர்ணயமே 2012-ல வந்தாச்சு. வேற வேற கம்பெனி கேமராங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்க ஆன்விஃப் 2008-லயே ஆரம்பிச்சாச்சு. வழி இல்லாம இல்லை, போகச் சொல்ல ஆள் இல்லை.

அரசாங்கத்தால முடியாததும் இல்லை. சிசிடிவி கேமராவை ஹேக் பண்ண முடியுதான்னு சோதிச்ச பிறகுதான் விக்கணும்னு 2025 ஏப்ரல்ல விதி அமலுக்கு வந்துச்சு. அந்தப் பட்டியல்ல இன்னும் ஒரே ஒரு வரி சேர்க்கட்டும்: "பதிவை, தேதி நேரத்தோட, எந்தச் சாதாரண பிளேயர்லயும் ஓடுற திறந்த வடிவத்துல, ஹேஷோட வெளியில எடுக்க முடியணும்." மின்னாளுகைக்குத் திறந்த தரநிலைதான்னு 2010-லயே கொள்கை வெளியிட்ட நாடு இது.

தமிழ்ல இணையம் படிக்கிற நமக்கு இந்தக் கூத்து புதுசா என்ன? ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு ஃபான்ட், அதை இறக்கினாத்தான் படிக்கலாம், இல்லேன்னா ஜிலேபி ஜிலேபியாத் தெரியும்னு இருந்த காலத்தைத் தாண்டித்தானே வந்தோம்? தன்னார்வலர்கள் வருஷக்கணக்கா கத்தினாங்க. தமிழ்நாடு அரசும் 2010-ல யூனிகோடை ஏத்துக்கிட்டுச்சு. எழுத்துக்கு நடந்தது படத்துக்கும் நடக்கும், கத்தினா.

அதுவரைக்கும் நீங்க செய்யக் கூடியது ஒண்ணு இருக்கு. அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல, சமோசா வர்றதுக்கு முன்னாடி, இதைக் கேளுங்க: "நம்ம கேமராவுல இருந்து ஒரு நிமிஷம் எடுத்து, என் போன்ல ஓட்டிக் காட்டுங்க." ஓடலைன்னா, மணி தெரியலைன்னா, பராமரிப்புப் பணத்தை நிறுத்தி வைங்க. நாம காசு கொடுத்து வாங்கின கேமரா, நம்ம தெரு, நம்ம ஆள் கால். படம் மட்டும் எப்படி அவங்களுதாகும்?

இப்போ இஸ்திரி வண்டியை அக்கா தள்ளுறாங்க. அண்ணன் பக்கத்துல பிளாஸ்டிக் நாற்காலியில, காலை ஸ்டூல் மேல நீட்டி உட்கார்ந்து துணி மடிக்கிறார். 50,000 ரூபாய்க்கு மனு கொடுத்தாச்சு, இன்னும் வரலை. மூணா எட்டான்னு தெரியாத அந்த நம்பரை வச்சுத் தேடுறதாச் சொல்றாங்க. நேத்து சட்டை கொடுக்கப் போனப்ப கேட்டார்: "தம்பி, நீங்கதான் கம்ப்யூட்டர்ல பெரிய வேலையில இருக்கீங்களே, அந்தப் படம் என்னாச்சு?"

என்னத்தைச் சொல்ல.

டிஸ்கி: எந்தக் கேமரா பதிவையும் மாத்துறதுக்கு முன்னாடி ஒரிஜினல் ஃபைலை ரெண்டு இடத்துல அப்படியே காப்பி எடுத்து வச்சு, ஹேஷ் குறிச்சுக்குங்க. கூடவே அந்தக் கம்பெனி பிளேயரையும் சேர்த்து வைங்க. மாத்துற வேலையெல்லாம் காப்பியில மட்டும். எனக்கு இந்தப் புத்தி இருந்துச்சு, அதனாலதான் அந்தத் திறக்காத ஒரிஜினலாவது இன்னும் பத்திரமா இருக்கு.