வைரவருக்கு விழுந்த பிசாசுப் பட்டம்

யாழ்ப்பாணத்து உரும்பிராயின் செம்மண் தோட்டங்களில், கிணற்றடி மரத்தின் கீழ் ஒரு சூலம் நிற்பதைக் காணலாம். அதுதான் வைரவர். கூரையில்லை, ஐயரில்லை. தோட்டக்காரரே விளக்கு வைப்பார், வடைமாலை சாத்துவார், பொங்கிப் படைப்பார். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் நாவூறு கழிப்பதும் நூல் கட்டுவதும் இந்தக் கும்பிடோடு சேர்ந்தவைதாம். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இவை அனைத்துக்கும் ஓர் அரசாங்கம் ஒரே பெயர் சூட்டியது: பிசாசு வணக்கம்.

1619இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் பிடித்தனர். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அவர்களோடு வந்த போதகர் பிலிப்பஸ் பல்தேயஸ் 1665 வரை இங்கே ஊழியம் செய்தார். தமிழ் எழுத்துகளை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்த அவரது நூல் 1672இல் ஆம்ஸ்ரடாமில் வெளிவந்தது. எங்கள் தெய்வ வழிபாட்டை அஞ்ஞானிகளின் விக்கிரக ஆராதனை என்று அங்கே காட்டியதும் அதே நூல்தான்.

ஒல்லாந்தர் காலத்தில் கோப்பாய் போன்ற கோயிற்பற்றுகளில் தேவாலயமே பள்ளிக்கூடம். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்தவர் உபாத்தியாயர். பிள்ளையை அனுப்பாவிட்டால் தண்டப்பணம்; ஞானஸ்நானம் பெறாதவருக்கு உத்தியோகமில்லை. கிறிஸ்தவராகப் பதிந்தவர் பழைய சடங்கில் கலந்தால் சவுக்கடியும் சிறையும் என்று 1711இல் கட்டளை பிறந்தது. சனம் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தது. விரதச் சாப்பாடு உண்ட வாழையிலையைக் கூரை இறப்பில் செருகி மறைத்த கதையை எங்கள் வீடுகளில் இன்றும் சொல்வார்கள். 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டத்தைச் சரிபார்த்த பன்னிரண்டு முதலியார்களைப் பாருங்கள்: முன்னால் ‘டொன்’ என்ற போர்த்துக்கேய அடைமொழி, பின்னால் நாராயணன், சந்திரசேகரன் போன்ற பழைய பெயர்கள்.

அதே காலத்தில், 1692இல், அமெரிக்காவின் சேலத்தில் சூனியக் குற்றம் சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். யாழ்ப்பாணத்து வரலாற்றில் அப்படியொரு வேட்டை இல்லை. ஒல்லாந்து தன் நாட்டிலேயே அந்தக் கொலைகளை அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டென்று நினைக்கிறேன். சேலத்தில் விரல் அயல்வீட்டுப் பெண்ணை நோக்கி நீண்டது; இங்கே ஒரு முழுச் சனத்தையும் நோக்கி நீண்டது. ஊரையே தூக்கில் போட்டால் வரி கட்டுவது யார், யானை பிடிப்பது யார், சாயவேர் கிண்டுவது யார்? தண்டப்பணமும் தோம்பும் ஒல்லாந்தரின் வணிகக் கம்பனிக்குப் போதுமாயிருந்தன.

கம்பனி போயிற்று. பட்டம் போகவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது. பெரிய கோயில்கள் ஆகமத்தின் துணையோடு மீண்டும் எழுந்தன. மரத்தடித் தெய்வங்களுக்கு அந்தத் துணை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிமாரை அத்தனை வீரத்தோடு எதிர்த்த ஆறுமுக நாவலரே சிறுதெய்வ வழிபாட்டையும் பலியையும் கண்டித்தார். கண்ணகி வழிபாட்டையும் அவர் கண்டிக்காமல் விடவில்லை. பலியை நிறுத்தச் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால், தெய்வத்தையே தாழ்ந்ததென்று தள்ளியபோது, அதைக் கும்பிட்ட மனிதரும் சேர்ந்தே தள்ளப்பட்டார்கள். அந்த மரத்தடித் தெய்வங்களில் ஒன்றான அண்ணமார் ஒடுக்கப்பட்ட சாதியினரின் தெய்வம். கோயிற் கதவு அடைக்கப்பட்டிருந்த காலத்தில் அவர்களுக்குத் துணை நின்றது அண்ணமாரின் கொட்டில்தான். வெளியிலிருந்தவர்கள் அதைப் பேயென்றும் சூனியமென்றும் சொல்லிப் பயந்தார்கள், பழித்தார்கள்.

இன்று அண்ணமார் பிள்ளையாராகிறார். கண்ணகை அம்மன் இராஜராஜேஸ்வரியாகிறாள். மதிப்புக் கிடைக்கும் என்று நம்பிச் சனமே செய்யும் மாற்றம் இது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நோய்க்கு வைத்தியரிடம் போங்கள், மந்திரவாதிக்குக் காசைக் கொட்டாதீர்கள் என்றும் சொல்வேன். வைத்தியம் வேறு, வழிபாடு வேறு.

கும்பாபிஷேகத்துக்கு ஆயத்தமாகும் கோயிற்சபையினரிடம் ஒரு வேண்டுகோள்: சூலம் இருந்த இடத்தில் மூலஸ்தானம் கட்டுங்கள், ஆனால் அங்கே முன்பு இருந்த தெய்வத்தின் பெயரையும், அதைக் கும்பிட்ட குடும்பங்களின் பெயரையும் வாசலில் ஒரு கல்லில் பொறித்து வையுங்கள்.