ஒரு கோடு, ரெண்டு கோடு: யூரின் ஸ்ட்ரிப்பைப் பார்த்து ஒருத்தர் வேலையைப் பறிக்காதீங்க

"டாக்டர், ஏடிஎச்டி மாத்திரை போடறேன். யூரின் டெஸ்ட்ல எத்தனை நாள் தெரியும்?" இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி. வேலையில சேர ட்ரக் டெஸ்ட் இருக்காம். முதல்ல பதிலைச் சொல்லிடறேன், சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்.

நம்ம ஊர்ல ஏடிஎச்டிக்கு எழுதற ஊக்க மருந்து மெத்தில்ஃபெனிடேட். 2-3 மணி நேரத்துல ரத்தத்துல பாதியா குறைஞ்சிடும். கல்லீரல் அதை ரிட்டாலினிக் அமிலமா மாத்தி சிறுநீர்ல அனுப்பிடும். அந்த அமிலத்தையே குறிவெச்சுத் தேடினா 1 முதல் 3 நாள் வரைக்கும் கிடைக்கலாம். அமெரிக்காவுல எழுதற ஆடரால் ஆம்ஃபெட்டமைன் வகை. அது பொதுவா 2-3 நாள், சிலருக்குக் கொஞ்சம் கூடவும் ஆகும். சிறுநீர் காரமா இருந்தா மெதுவா வெளியேறும், அமிலமா இருந்தா சீக்கிரம் போயிடும்.

இப்ப சண்டைக்கு வரேன். பல இடங்கள்ல நடக்கறது வெறும் ஸ்ட்ரிப் டெஸ்ட். அதுல ஆம்ஃபெட்டமைன் கட்டம் இருக்கும். மெத்தில்ஃபெனிடேட் ஆம்ஃபெட்டமைன் கிடையாதுங்க, அதனால பெரும்பாலும் அந்தக் கட்டத்துல மாட்டவே மாட்டாது.

மாட்டறது யாரு தெரியுமா? கர்ப்பகால பிரஷருக்கு நாங்க தினமும் எழுதற லேபிடலால் சாப்பிடற பொண்ணு. சிகரெட்டை விடறதுக்கு புப்ரோபியான் எடுக்கறவர். மூக்கடைப்புக்கு சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரை போட்டவர். இவங்களுக்கெல்லாம் ஆம்ஃபெட்டமைன் கட்டம் பொய்யா பாசிட்டிவ் காட்டலாம்!

இன்னொரு கூத்து, படிக்கற விதம். கர்ப்பம் பார்க்கற கிட்ல ரெண்டு கோடு வந்தா பாசிட்டிவ். இதுல தலைகீழ்: ரெண்டு கோடு வந்தா நெகட்டிவ், கன்ட்ரோல் கோடு மட்டும் வந்தாதான் பாசிட்டிவ். ரெண்டாவது கோடு மங்கலா இருந்தாலும் நெகட்டிவ்தான். இது தெரியாதவர் கையில ஸ்ட்ரிப்பைக் கொடுத்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

ஸ்ட்ரிப் ஒரு சல்லடை, அவ்வளவுதான். பாசிட்டிவ் வந்தா அதே மாதிரியை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில உறுதி பண்ணணும். அதுல லேபிடலாலும் ஆம்ஃபெட்டமைனும் தனித்தனியா தெரிஞ்சிடும். அந்தச் செலவை மிச்சம் பிடிச்சுட்டு ஆஃபர் லெட்டரை ரத்து பண்றது அநியாயம். உறுதியான ரிசல்ட்கூட மருந்து உடம்புல இருந்துச்சுன்னுதான் சொல்லும். எதுக்கு எடுத்தாங்க, வேலை நேரத்துல தடுமாறினாங்களானு சொல்லாது.

மாத்திரை போடறவங்களுக்கு: டெஸ்ட்டுக்குப் பயந்து நீங்களா நிறுத்தாதீங்க. குடம் குடமா தண்ணி குடிக்கறதும் வேண்டாம். லேப்ல கிரியேட்டினினையும் பார்ப்பாங்க, டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனா 'நீர்த்த மாதிரி'ன்னு எழுதி, இல்லாத சந்தேகம் வந்துடும்.

மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ் மருந்து. சீட்டு ரெண்டு பிரதி, ஒண்ணை மருந்துக்கடைக்காரர் 2 வருஷம் வெச்சிருக்கணும்னு விதி. முறையா வாங்கறவங்ககிட்ட இருக்கற அளவுக்கு ஆதாரம் வேற யாருகிட்ட இருக்கு? (பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஃப்ரெண்டு கொடுத்தான்னு முழுங்கறவங்களுக்கு நான் வக்காலத்து வாங்கலை.)

மாதிரி கொடுக்கறதுக்கு முன்னாடியே, சளி மாத்திரை உட்பட எல்லா மருந்தையும் படிவத்துல எழுதுங்க. சீட்டு நகலை இணைங்க. பாசிட்டிவ்னு சொன்னா "உறுதி டெஸ்ட் பண்ணீங்களா, ரிப்போர்ட் எங்கே?"னு எழுத்துல கேளுங்க.