குட்டிக்குத் தொப்பையா?

பாடியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் பத்து மாதக் குழந்தை. மார்கழி மாதம் கொரட்டூர் ஏரிப் பக்கம் ஒரு தெரு நாய் குட்டி போட்டிருந்ததாம். அதில் ஒன்றை அவர் கணவர் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வந்து சேர்த்துவிட்டார்.

"வந்தபோதே வயிறு பானை மாதிரி இருந்தது. புஷ்டியான குட்டி என்று சந்தோஷப்பட்டோம். நேற்று வாந்தி எடுத்தது. பார்த்தால், இடியாப்பம் போலச் சுருண்டு ஏதோ நெளிகிறது! என் மாமியார், 'குழந்தை தவழ்கிற வீட்டில் இது ஆகாது, எடுத்த இடத்திலேயே கொண்டு போய் விட்டுவிடு' என்கிறார். அவரோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்யட்டும்?"

மாமியாரின் பயம் நியாயமானதுதான். ஆனாலும் குட்டியை விரட்ட வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் சமாதானம் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தத் தொப்பையைப் பார்ப்போம். முதுகைத் தடவினால் எலும்பு தட்டுப்படுகிறது, கால்கள் குச்சியாக இருக்கின்றன, ரோமத்தில் பளபளப்பு இல்லை, வயிறு மட்டும் உப்பி நிற்கிறது என்றால் அது புஷ்டி அல்ல. உள்ளே குடியிருப்பவர்கள் பங்கு கேட்கிறார்கள் என்று அர்த்தம். குழந்தைகளுக்கு வருகிற நாக்குப் பூச்சியின் உறவுக்காரப் புழு இது. பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நீளம் வரை வளரும். டாக்டர்கள் 'டாக்ஸோகாரா கேனிஸ்' என்பார்கள்.

"கண்டதையும் தின்றிருக்கும்" என்று குட்டியின் மேல் பழி போடாதீர்கள். இது பிறக்கும்போதே கொண்டு வந்த சீதனம். தாய் நாயின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத இளம் புழுக்கள் மாதக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில் கூடத் தூங்கிக்கொண்டிருக்கும். அவளுக்கு ஒரு தொந்தரவும் இராது. அவள் சினையானதும், ஏறக்குறைய ஆறாவது வாரத்தில் அவை விழித்துக்கொள்கின்றன. தொப்புள்கொடி வழியாகக் கருவிலிருக்கும் குட்டியின் ஈரலுக்குப் போகின்றன. பிறந்த பின் ஈரலிலிருந்து நுரையீரல், அங்கிருந்து மூச்சுக்குழாய், பிறகு தொண்டை. குட்டி விழுங்க, குடலுக்கு வந்து சேர்ந்து பெரிதாகின்றன. குட்டிக்கு மூன்று வாரம் ஆகும்போது அதன் மலத்தில் முட்டை வர ஆரம்பித்துவிடும். கண் திறந்து ஒரு வாரம்கூட ஆகியிராத ஜீவன், பாவம்!

இந்தப் பயணத்தை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலரும் ஒரு தடவை பூச்சி மருந்து கொடுத்துப் புழுக்கள் விழுந்ததைப் பார்த்துவிட்டு, "சனி விட்டது" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் தள்ளுகிறது. ஈரலிலும் நுரையீரலிலும் வழியில் இருக்கிறவை தப்பிவிடுகின்றன. அடுத்த வாரம் அவை வந்து காலி வீட்டில் குடியேறும். அதனால்தான் குட்டி பிறந்த 2ஆம் வாரத்தில் தொடங்கி 4, 6, 8ஆம் வாரங்களிலும் கொடுக்கச் சொல்கிறார்கள். பிறகு ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒரு தடவை. அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். தினசரி காலண்டரில் பால் கணக்கு எழுதுகிறோம் அல்லவா, அதன் பக்கத்திலேயே இதையும் குறித்து வைத்துவிடுங்கள். தாய் நாயும் வீட்டிலேயே இருந்தால் அவளுக்கும் கூடவே மருந்து உண்டு.

சகோதரியின் குட்டிக்கு வயது தெரியவில்லை. பரவாயில்லை, இன்றிலிருந்து கணக்கைத் தொடங்கலாம். ஆனால் வாயால் புழு வருகிற அளவுக்குப் போயிருப்பதால், நீங்களாக மருந்து வாங்கி ஊற்ற வேண்டாம். வயிறு நிறையப் புழு இருந்து, அத்தனையும் ஒரே சமயத்தில் செத்தால் சிறு குடல் அடைத்துக்கொள்ளக்கூடும். டாக்டர் ஒரு தடவை வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மருந்து தருவதுதான் நல்லது.

இதைவிடப் பொல்லாதது கொக்கிப் புழு. ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். கண்ணில் சுலபமாகப் படாது. தாய்ப்பால் வழியாக வரும், ஈர மண்ணிலிருந்து தோலைத் துளைத்துக்கொண்டும் வரும். இதன் தொழில் ரத்தம் குடிப்பது. ஒரு புழு நாளைக்கு 0.1 மில்லி வரை ரத்தத்தை வீணாக்கும். இது என்ன பெரிய அளவு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் மொத்தமே 80, 90 மில்லி ரத்தம்தான். நூறு புழுக்கள் இருந்தால் ஒரு நாளில் 10 மில்லி போய்விடும். இந்தக் குட்டிக்குத் தொப்பைகூடப் போடாமல் இருக்கலாம். தார் போலக் கறுப்பாக வெளிக்குப் போகும், சோர்ந்து படுக்கும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறமாக இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருந்தால் நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். அன்றே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைக்க வேண்டியிருக்கும்.

பின்பக்கத்தில் அரிசி போலச் சிறு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது நாடாப் புழு. குட்டி தெள்ளுப் பூச்சியைக் கடித்து விழுங்குவதால் வருவது. இதற்கு மருந்து வேறு; தெள்ளையும் ஒழிக்காவிட்டால் அந்த மருந்தும் வீண்.

இனி நம் வீட்டு வைத்தியங்கள். வேப்பங்கொழுந்தை அரைத்துப் புகட்டினால் குட்டி முகம் சுளிக்கும், புழு சுளிக்காது. பூண்டு கொடுக்கவே கூடாது. நாயின் ரத்த அணுக்களுக்கு அது ஆகாது. ஆனால் பாக்கு விஷயம் வேறு. தாம்பூலத் தட்டில் இருக்கிறதே, அதே கொட்டைப் பாக்குதான்! அதிலுள்ள 'அரிகோலின்' என்ற சத்தை நாடாப் புழுவுக்கு மருந்தாக மேல்நாட்டு மிருக வைத்தியர்களே வெகுகாலம் நாய்களுக்குக் கொடுத்து வந்தார்கள். பாட்டிமார் சும்மா சொல்லவில்லை. ஆனால் அது நாயின் குடலை முறுக்கி, வாந்தியும் பேதியுமாக ஆட்டி வைத்துவிடும்; குட்டிகள் தாங்கா. 1970களில் 'பிராசிகுவான்டல்' வந்த பிறகு அந்தச் சித்திரவதைக்கு அவசியமில்லாமல் போயிற்று. பாக்கை வெற்றிலையோடு விட்டுவிடுவோம்.

இன்னொன்று. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். அதில் பாதியை உடைத்துக் குட்டிக்குப் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். குழந்தைக்கு நல்லதான அந்த மாத்திரை நாயின் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கக்கூடும். குட்டிகளுக்கென்றே 'பைரன்டல்' கலந்த திரவ மருந்து இருக்கிறது. எடைக்குத் தக்கபடி டாக்டர் அளவு சொல்வார். எடை பார்ப்பதும் எளிதுதான். குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்துப் பாருங்கள். (உங்கள் எடையை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.)

இப்போது மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். 1950ல் அமெரிக்காவில் ஹெலனார் வைல்டர் என்ற பெண்மணி, புற்றுநோயோ என்ற சந்தேகத்திலும் வேறு காரணங்களாலும் அகற்றப்பட்ட 46 கண்களைச் சோதித்தார். 24 கண்களில் இளம் புழு இருந்தது! அவற்றில் பெரும்பாலும் குழந்தைகளின் கண்கள். 1952ல் பால் பீவர் என்பவரும் சக டாக்டர்களும், நாய் பூனைகளின் இந்தப் புழு குழந்தைகளின் ஈரல் முதலிய உள் உறுப்புகளில் அலைந்து நோய் உண்டாக்குவதை எடுத்துக் காட்டினார்கள். மனித உடம்பில் அது வளர்ந்து பெரிதாவதில்லை. வழி தெரியாமல் சுற்றுகிறது. கண்ணுக்குள் போய்விட்டால் பார்வைக்கே ஆபத்து. இது எப்போதாவது நடப்பதுதான். ஆனாலும் தவழும் குழந்தையுள்ள வீட்டில் அலட்சியம் கூடாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குட்டி போட்ட மலத்திலுள்ள முட்டை அன்றே யாரையும் ஒன்றும் செய்யாது. மண்ணில் கிடந்து பக்குவப்பட இரண்டு வாரமாவது ஆகும். கொக்கிப் புழுவுக்கு ஒரு வாரம் போதும். ஆகவே தினமும் வாரி அப்புறப்படுத்தினால் ஆபத்தில் பெரும் பங்கு தீர்ந்தது. காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்கள். முருங்கை மரத்தடியில் தள்ளாதீர்கள். பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டேன் என்று திருப்திப்படுவதில் பயனில்லை. அந்த முட்டையின் ஓடு பினாயிலுக்கு மசியாது. சிமெண்டுத் தரையானால் தேய்த்துக் கழுவிக் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள்.

எனக்குக் குட்டியைவிட அதிகக் கவலை, தெருவில் கிடக்கும் மணல் குவியல்கள்தான். பாடியில் எந்தத் தெருவில்தான் வீடு கட்டவில்லை? எம்-சாண்டோ ஆற்று மணலோ, கொட்டிய அன்றே அது தெரு நாய்களுக்குக் கழிப்பிடம், பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம். அங்கே பக்குவப்பட்ட முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டுக் குட்டியைத் துரத்திவிட்டுப் பேரனை அந்த மணலில் விளையாட விடுவதில் என்ன லாபம்? மூடி வைக்கச் சொல்லுங்கள். விளையாடி வந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்க விடாதீர்கள்.

பாடியிலிருந்து வில்லிவாக்கம், புரசைவாக்கம் வழியாக வேப்பேரி போய்விடலாம். 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. போகும்போது குட்டியின் மலத்தில் சிறிதை மூடியுள்ள டப்பாவில் எடுத்துப் போங்கள். மைக்ராஸ்கோப்பில் முட்டை தெரியவில்லை என்றாலும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சின்னக் குட்டிகளில் முட்டை வெளிப்படும் முன்பே புழு தன் வேலையைக் காட்டிவிடும். தடுப்பூசிகள் எப்போது என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஏரிப் பக்கம் மிச்சமிருக்கும் குட்டிகளுக்கும் அதே தாய், அதே புழு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் கணவரிடம் சொல்லுங்கள்: டாக்டரிடம் அவற்றுக்கும் அளவு கேட்டு, மருந்து பாட்டிலோடு ஒரு நடை போய் வரட்டும்.