தோற்பதற்கென்று ஆடலாமா?

தோல்வியே வெற்றியின் முதற்படி என்று கட்டுரை நோட்டில் எழுதாதவர் நம்மில் எவருமிலர். முயன்று தோற்றவருக்கு அந்த வாசகம் ஆறுதலாகும். தோற்க வேண்டுமென்றே ஆடித் தோற்றவரைப் பற்றி என்ன எழுதுவது? அவர்கள் பன்னிரண்டு வயதுச் சிறுமியராயிருந்து, அவர்களை ஆடவிட்டவர்கள் பெரியவர்களாயிருந்தால்?

அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சிறுமியர் சாப்ட்பால் பந்தயமொன்றில் இத்தகைய வழக்கு எழுந்தது. அங்கே பந்தயங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை முதலில் அறிந்துகொண்டால்தான் குற்றம் யாரைச் சாரும் என்று கூற இயலும். ஆகவே தோழியரே, சற்றுப் பொறுமையோடு உடன் வாருங்கள்.

சாப்ட்பால் 1887இல் சிகாகோ நகரில் ஒரு கட்டடத்தினுள்ளே, குத்துச் சண்டைக் கையுறையைப் பந்தாகக் கட்டி, துடைப்பக் கழியால் அடித்து விளையாட்டாகத் தொடங்கிய ஆட்டம். பேஸ்பாலின் தங்கை எனலாம். பந்து பெரிது, களம் சிறிது, பந்தைக் கீழ்க்கையாக வீச வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் வீசுபவள் நாற்பது அடி தொலைவில் நிற்பாள். ஆட்டம் ஆறு இன்னிங்ஸ். பெயரில்தான் மென்மை. பந்து முழங்காலில் பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்!

இச்சிறுமியர் பந்தயங்களை நடத்தும் அமைப்புகளில் பெயர் பெற்றது லிட்டில் லீக். 1939இல் பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் சிறுவர்களுக்காகவே பிறந்த அமைப்பு அது. 1972இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோபோகன் நகரில் மரியா பெப்பே என்னும் சிறுமி சிறுவர் அணியில் சேர்ந்து பந்து வீசினாள். மூன்று ஆட்டங்களோடு அவளை விலக்கிவிட்டனர். வழக்கு நடந்தது; பெண்களைத் தடுக்கலாகாது என்று தீர்ப்பாயிற்று. 1974இல் பேஸ்பால் கதவு பெண்களுக்குத் திறந்தது. அதே ஆண்டில் அவர்களுக்கென்று சாப்ட்பால் பிரிவும் ஏற்பட்டது. பெருங்கதவைத் திறந்த கையோடு பக்கத்தில் ஒரு சிறு கதவும் வைத்தார்களே என்று எனக்கு ஒரு சிறு குறை உண்டு. ஆயினும் அந்தச் சிறு கதவின் வழியே இலட்சக்கணக்கான சிறுமியர் மைதானம் கண்டனர் என்பதை மறுக்க மாட்டேன்.

அங்கே லீக் என்பது ஒன்று, பந்தயத் தொடர் என்பது வேறொன்று. வசந்த காலத்தில் ஓர் ஊரின் சிறுமியர் அனைவரும் பல அணிகளாகப் பிரிந்து தமக்குள் ஆடுவர். அது லீக். அது முடிந்தபின் அத்தனை அணிகளிலிருந்தும் சிறந்தவர்களைப் பொறுக்கி ஒரே அணி அமைப்பார்கள். அந்த அணிதான் மாவட்டம், மாநிலம், வட்டாரம் என்று படிப்படியாக ஏறி, கோடை இறுதியில் உலகத் தொடரை அடைய முயலும். ஏணியின் ஒவ்வொரு படியிலும் பல அணிகள் உதிரும். முதற்படிக்கு முன்னரே, அந்தப் பொறுக்கும் நாளிலேயே, ஊரின் பெரும்பாலான சிறுமியர் உதிர்ந்துவிடுகிறார்கள் என்பதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. தெரிந்தெடுத்த அணியில் இடம் பெற்ற ஒவ்வொருத்தியையும் களமிறக்கியே ஆக வேண்டும் என்று விதி உண்டு. நல்ல விதி. பெஞ்சைத் தேய்ப்பதற்காக எந்தப் பெண்ணும் நூறு மைல் பயணம் செய்ய வேண்டியதில்லை.

இனி ஆட்ட முறைக்கு வருவோம். எட்டு அணிகள் வந்திருப்பதாகக் கொள்வோம். நாக்-அவுட் என்றால் தோற்றவர் வீடு திரும்ப வேண்டும். ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றும். ஏழு அணிகள் வெளியேற ஏழு ஆட்டங்கள். செலவு குறைவு, ஒரே நாளில்கூட முடித்துவிடலாம். நம் பள்ளிகளின் வட்டாரப் போட்டிகளில் நமக்குப் பழக்கமானது இதுதான்: விடியற்காலை பஸ் ஏறிப் போய், ஓர் ஆட்டம் தோற்று, கட்டுச்சோற்றைத் திரும்பும் வழியில் உண்பது.

அங்கே பெரிதும் கையாளப்படுவது இரண்டு தோல்வி முறை. ஒருமுறை தோற்ற அணி தோற்றோர் வரிசைக்கு இறங்கும். மறுமுறையும் தோற்றால்தான் வெளியேற வேண்டும். தோற்றோர் வரிசையில் வென்று வென்று வரும் அணி இறுதியாட்டத்தையும் எட்டலாம். ஆனால் அங்கே இதுவரை தோற்காத அணியை இருமுறை வீழ்த்த வேண்டும். எட்டு அணிகளுக்குப் பதினான்கு அல்லது பதினைந்து ஆட்டங்களாகும். செலவு இரட்டிப்பு. தோற்றோர் வரிசையில் இருப்பவர்கள் ஒரே நாளில் அடுத்தடுத்து ஆட நேர்வதும் உண்டு. அப்போது பந்து வீசும் சிறுமியின் தோளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. கீழ்க்கை வீச்சு கையை வருத்தாது என்று சொல்லி ஒரே சிறுமியை வீச விட்டுக்கொண்டேயிருப்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. சிறுவர் பேஸ்பாலில் வீசும் பந்துகளையே எண்ணி வரம்பு கட்டும் விதி 2007இல் வந்துவிட்டதே!

மூன்றாவது முறையைத்தான் நாம் லீக் முறை என்கிறோம். எல்லோரும் எல்லோருடனும் ஆட வேண்டும். எட்டு அணிகளுக்கு இருபத்தெட்டு ஆட்டங்கள் தேவைப்படுமாதலால் அணிகளைப் பிரிவுகளாக்கி, பிரிவுக்குள் மட்டும் ஆட விடுவார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஒரு தோல்வியால் எவரும் அழிவதில்லை. சிக்கல் எழுவது சமநிலையில்தான். இரண்டு அணிகள் சமமாக நின்றால் அவற்றுள் யார் யாரை வென்றார் என்று பார்க்கலாம். மூன்று அணிகள் வட்டமாக ஒன்றையொன்று வென்றிருந்தால்? அப்போது விட்டுக்கொடுத்த ஓட்டங்களைத் தடுத்தாடிய இன்னிங்ஸ்களால் வகுத்து, எண்ணிக்கை குறைந்தவரை முன்னேற்றுவது லிட்டில் லீகின் விதி. எடுத்த ஓட்டங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் வலிய அணி எளிய அணியைத் துவைத்தெடுக்கும் அன்றோ? விதி செய்தவர்களின் நல்லெண்ணம் தெரிகிறது.

இந்த இடத்தில்தான் 2015 வந்து நிற்கிறது. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டு நகரில் உலகத் தொடர். பத்து அணிகள், இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு இருவர் அரையிறுதிக்கு. ஒரு பிரிவில் வாஷிங்டன் மாநில அணி மூன்று ஆட்டங்களையும் வென்றிருந்தது. அயோவா அணி நான்கில் மூன்று வென்று, ஆட்டங்களை முடித்துவிட்டுக் காத்திருந்தது. கடைசி ஆட்டம் வாஷிங்டனுக்கும் வட கரோலினாவுக்கும். வாஷிங்டன் வென்றால் அயோவா உள்ளே. வாஷிங்டன் தோற்றால் மூன்று அணிகளும் சமம். ஓட்டக் கணக்கில் அயோவா வெளியே. அயோவாவோ வலிய அணி.

வாஷிங்டன் அணியின் முதன்மை ஆட்டக்காரர் சிலர் வெளியே அமர்த்தப்பட்டனர். ஆடியவர்கள் பந்தை ஓங்கி அடிக்காமல் மட்டையால் மெல்லத் தட்டினர். முடிவு எட்டுக்குப் பூஜ்யம். அயோவா முறையிட்டது. லிட்டில் லீக் தலைமையகம் ஆராய்ந்து, ஆட்டம் உரிய முயற்சியோடும் உணர்வோடும் ஆடப்படவில்லை என்று கண்டு, அயோவாவும் வாஷிங்டனும் மறுநாள் தனியாட்டம் ஆடி அரையிறுதி இடத்தை முடிவு செய்யட்டும் என்றது. அயோவா மூன்றுக்கு இரண்டு என்று வென்றது.

வாஷிங்டனுக்காக வாதாடுவோரும் உண்டு. விதியை மீறவில்லையே, நாளைய ஆட்டத்துக்காக நல்ல ஆட்டக்காரரை ஓய்வில் வைப்பது பெரியவர்கள் ஆட்டத்தில் வழக்கந்தானே என்பர். பெரியவர்களுக்கும் அது எப்போதும் செல்லவில்லை. 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில் எளிய எதிரியைத் தேடித் தோற்க முயன்ற எட்டுப் பூப்பந்து வீராங்கனைகள் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டனர். அவர்கள் தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்கும் வயதினர். பன்னிரண்டு வயதுச் சிறுமி யாரிடம் போய் மறுப்பாள்? பெரியோர் சொற்படி நட என்றுதான் வீட்டிலும் பள்ளியிலும் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். மெல்லத் தட்டு என்றால் அவள் தட்டத்தான் செய்வாள். மறுநாள் தனியாட்டத்தில் தோற்று அழுதபோது, அந்தத் தோல்வி அவள் கணக்கில்தான் எழுதப்பட்டது. ஆகவே லிட்டில் லீகின் தீர்ப்பை நான் பாதித் தீர்ப்பு என்றே சொல்வேன். அயோவாவுக்கு நியாயம் கிடைத்தது. வாஷிங்டன் சிறுமியருக்கு என்ன கிடைத்தது?

என் கருத்து இதுதான். சிறுமியர் பந்தயத்தில், ஓர் அணி தோற்றால் அதற்கே இலாபம் என்ற நிலை எழக்கூடிய முறையே இருத்தலாகாது. நாக்-அவுட்டில் அது எழாது. ஆனால் அது இரக்கமற்றது. இரண்டு தோல்வி முறையில் ஒவ்வொரு தோல்வியும் ஓர் உயிரைக் கரைக்கிறது. ஆகையால் வேண்டுமென்றே தோற்க எந்தப் பயிற்சியாளரும் எளிதில் துணியமாட்டார். பொறுப்பாளர்களுக்கு வேலை கூடும், நடுவர்களுக்கு வெயில் கூடும், பெற்றோர் இன்னும் ஓரிரவு விடுதிக் கட்டணம் செலுத்த வேண்டும். இருக்கட்டும். 2021 முதல் உலகத் தொடர் வட கரோலினாவின் கிரீன்வில் நகரில் நடக்கிறது. 2022 முதல் பன்னிரண்டு அணிகள் ஆடுகின்றன, அதுவும் இரண்டு தோல்வி முறையைத் தழுவியே. மாவட்ட அளவில் மைதானமும் நாட்களும் போதாமல் பிரிவு ஆட்டங்களை நடத்துவோர் அங்கே இன்னும் உண்டு. அவர்கள் கடைசி நாளின் ஆட்டங்களையாவது ஒரே நேரத்தில் தொடங்கினால், மற்றவர் முடிவைப் பார்த்துவிட்டுத் தம் தோல்வியைத் தீர்மானிக்க எந்தப் பெரியவருக்கும் வழியிராது.