ரிம் மினுங்கட்டும், புள்ளைகளின் கை எரிய வேணாம்



கொஞ்சம் நீண்ட பதிவு. வாகனம் வைத்திருக்கும் ஊர்ச் சொந்தங்கள் பொறுமையாக ஒருதரம் வாசித்துவிடுங்கள். இல்லாதவர்களும் வாசிக்கலாம். இதில் பாதி கார் ரிம்மைப் பற்றியது, மீதி நம் புள்ளைகளைப் பற்றியது.

ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை நம் ஊர்ப் பொடியன்மார் சும்மா இருப்பதில்லை. சிலர் வட்டைக்குப் போவார்கள், சிலர் கடைகளில் நிற்பார்கள், சிலர் வாகனம் கழுவும் இடங்களில் சேர்வார்கள். அப்படிச் சேர்ந்த, நாங்கள் படிப்பித்த ஒரு பொடியனை அண்மையில் கண்டோம். வலது கையில் மூன்று விரலுக்குக் கட்டு. என்ன மகன் என்று கேட்டதற்கு, "ரிம் கழுவின அசிட் சேர். கழுவக்குள்ள ஒண்டும் தெரியல்ல. ராவைக்குத்தான் எலும்புக்குள்ளால வலிச்சிச்சு" என்றான். என்ன அசிட் என்றோம். "அசிட் எண்டுதான் சேர் சொல்லுவாங்க. தண்ணிப் போத்தல்ல ஊத்தி வெச்சிருக்கும்."

கழுவும்போது வலிக்காமல் இரவில் வலித்தது என்ற அந்த ஒரு வார்த்தைதான் நம்மைப் பயப்படுத்தியது. அவன் கையில் பட்டது என்னவென்று போத்தலைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ரிம் கழுவும் சில திரவங்களில் ஹைட்ரோபுளோரிக் அமிலமோ, அதே குடும்பத்தைச் சேர்ந்த அமோனியம் பைபுளோரைட்டோ இருக்கும். மற்ற அசிட் பட்டால் உடனே எரியும், கையை உதறிக்கொண்டு தண்ணீருக்கு ஓடுவோம். இது அப்படியல்ல. தண்ணீர் கலந்து பலம் குறைந்திருந்தால், பட்ட நேரம் ஒன்றும் தெரியாமல் தோலுக்குள் இறங்கி, உடம்பில் உள்ள கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். மணித்தியாலங்கள் கழித்துத்தான் வலி தொடங்கும். கூடுதலாகப் பட்டால் இரத்தத்தில் கல்சியம் இறங்கி இருதயத் துடிப்பே குழம்பிவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மட்டும் 2001 முதல் 2013 வரை கார், லொறி கழுவும் வேலையில் 48 பேர் இந்த அமிலத்தால் காயப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. கையுறையும் சட்டதிட்டமும் உள்ள நாட்டிலேயே அந்த நிலை. நம் பொடியன்மார் ரப்பர் செருப்போடும் வெறுங்கையோடும் நிற்கிறார்கள்.

இதில் சேர்விஸ் ஸ்டேசன்காரரை மட்டும் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஜும்ஆவுக்கு முன்னும், பெருநாளைக்கு முந்தின இரவும் வாகனத்தைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, "தம்பி, டக்குண்டு கழுவித் தாங்க, ரிம் பளிச்செண்டு இருக்கணும்" என்று சொல்வது யார்? நாம்தான். அரை மணித்தியாலத்தில் புது ரிம் போல் வேண்டும், காசும் கூடக் கூடாது என்றால் அவர் அசிட் போத்தலைத்தான் எடுப்பார்.

அந்த அசிட் ரிம்முக்காவது நல்லதா என்றால் அதுவும் இல்லை. ரிம்மில் பிடிக்கும் கறுப்பு வெறும் தூசு அல்ல. பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கும் பேடும் தேய்ந்து பறக்கும் இரும்புத் தூள் அது. கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் பதினெட்டு வளைவால் இறங்கி ஊர் வந்து சேர்ந்ததும் முன் ரிம் இரண்டையும் பாருங்கள், பின்னுள்ளதைவிட நன்றாகக் கறுத்திருக்கும். பிரேக்கின் பாரம் முன் சில்லுக்குத்தான் கூட. ஹைபிரிட் கார்களில் மோட்டரே வேகத்தைக் குறைக்க உதவுவதால் இந்தத் தூள் குறைவு. சூடாகப் பறந்து ஒட்டும் இரும்பு, மழையும் உப்புக் காற்றும் பட்டு அங்கேயே துருப்பிடித்து ரிம்மைக் கவ்விக்கொள்ளும். காரைதீவுக் கடல் நமக்கு எத்தனை தூரம்?

அலோய் ரிம்மின் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு வார்னிஷ் பூச்சு இருக்கிறது. அசிட் அதைத் தின்னும். கக்கூஸ் கழுவும் அசிட்டும் அப்படித்தான், அது பிரேக் டிஸ்க்கையும் சில்லு நட்டையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும். கோஸ்டிக் சோடா கலந்தவை அலுமினியத்தையே கரைக்கும். பூச்சுப் போனபின் உள்ளே உப்பு இறங்கி, வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரிக் கோடு விழும். அதற்குப் பிறகு எந்த மருந்தும் இல்லை, உரித்துப் பூசத்தான் வேண்டும். நம் உம்மாமார் பித்தளை வட்டாவையும் படிக்கத்தையும் புளி போட்டு மினுக்கியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தேய்த்தால் மினுங்கும் என்ற நினைப்பு மனதில் பதிந்துவிட்டது. பித்தளைக்கு அது சரி, பூச்சுள்ள ரிம்முக்குச் சரிவராது. கம்பித் தும்பும் வேண்டாம், சட்டி தேய்க்கும் பச்சை ஸ்பொஞ்சும் வேண்டாம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்தும் அந்த விலைக்கு வாங்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? கையில் இருப்பதைக் காப்பாற்றும் காலம் இது.

வீட்டிலேயே கழுவலாம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஓடி வந்த உடனே கழுவ வேண்டாம், சில்லு கைக்குக் குளிரும்வரை நிழலில் விடுங்கள். சூட்டில் எதை ஊற்றினாலும் காய்ந்து கறை விழும், சூடான டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் அடிப்பதும் நல்லதல்ல. பொடியைக் கழுவ முன்னர் ரிம்மைக் கழுவுங்கள், ஒவ்வொரு சில்லாக. அதற்கென்று தனி வாளி, தனித் துணி, ஒரு மெல்லிய பிரஷ். ரிம் துடைத்த துணியில் இரும்புத் தூள் இருக்கும், அதைக் கொண்டுபோய்க் கதவில் தேய்த்தால் பெயின்ட் கீறிவிடும். முதலில் தண்ணீரால் நன்றாக அடித்து, பிறகு கார் ஷம்பு நுரையால் கழுவினால் முக்கால்வாசி அழுக்குப் போய்விடும். வட்டைப் பாதையில் ஓடும் வாகனமென்றால் ரிம்மின் உட்பக்கத்தையும் பாருங்கள், அங்கே காய்ந்த சேறு கட்டியாக இருந்தால் ஓடும்போது ஸ்டியரிங் நடுங்கும். அலைன்மெண்ட் என்று காசு செலவழித்து, கடைசியில் சேறு என்று கண்டுபிடித்தவர்கள் நம்மிடையே உண்டு (பெயர் சொல்லவில்லை).

போகாத புள்ளிகளுக்கு, இரும்புத் தூளைக் கரைக்கவென்றே அசிட் இல்லாத திரவங்கள் வருகின்றன. ஊற்றியதும் இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக வழியும். நாற்றம்தான் தாங்க முடியாது, சலூனில் முடி சுருட்டும் மருந்தின் குடும்பம் அது. அதற்கும் கையுறை வேண்டும், ரிம்மில் காயவும் விடக் கூடாது. கழுவி முடிந்ததும் துடைத்து, காய்ந்தபின் கொஞ்சம் வெக்ஸ் பூசினால் அடுத்த முறை தண்ணீருக்கே போகும். டயர் பொலிஷ் டிஸ்க்கில் படவே கூடாது. ரோட்டில் ஏறியதும் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தரம் பிரேக்கை அமத்திப் பாருங்கள், ஈர டிஸ்க் முதலில் சரியாகப் பிடிக்காது.

கழுவும் இடத்தில் விடுவதென்றால், "அசிட் போடாதீங்க, நேரம் எடுத்தாலும் பரவாயில்ல" என்று வாயால் சொல்லிவிடுங்கள், கூட எடுத்த நேரத்துக்குக் காசும் கொடுங்கள். வாகனச் சேவை நிலையம் நடத்த மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கழிவுத் தண்ணீரை நினைத்த இடத்தில் விட முடியாது. அது ஓடிச் சேரும் வாய்க்கால் யாருடைய வயலுக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாததா?

முதலாளிமாரிடம் ஒரு வேண்டுகோள். எதையும் பெயர் ஒட்டாத தண்ணிப் போத்தலில் வைக்காதீர்கள். யாருக்காவது பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவி, 1990 சுவசெரியவுக்கு எடுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வந்த போத்தலையும் கையோடு கொண்டு போக வேண்டும். ஹைட்ரோபுளோரிக் என்று தெரிந்தால் டொக்டர்கள் கல்சியம் குளுக்கோனேட் கொடுப்பார்கள். என்ன பட்டது என்று தெரியாவிட்டால் அவர்களுக்கும் சிரமம்.

அந்தப் பொடியன் திரும்ப வேலைக்குப் போகிறான். தடித்த ரப்பர் கையுறை ஒரு சோடி வாங்கிக் கொடுத்தோம். போட்டுக்கொண்டு நின்றால் கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்களாம்.