அழித்த தழும்பு

ஜெர்மனியின் ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு நாங்கள் ஆயத்தமாகிற விதமே தனி. ஒரு கிழமைக்கு முன்பே புருவம் எடுத்து, நரைக்கு மை பூசி, முகநிறத்தில் இரண்டு படி குறைத்துக்கொண்டுதான் வருவோம். செடில் காவடிக்காரரின் முதுகைப் படம்பிடிக்க நெரிபடுவோம். செடில் குத்திய துளைகள் திருநீறு அப்பச் சில நாளில் தூர்ந்துவிடும்.

2002இல் கும்பாபிஷேகம் நடந்த காலத்திலிருந்து எங்களோடு இருந்து அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டிய ஓர் அம்மா. வலது கன்னத்தில் கோணலாக ஒரு தழும்பு. ஷெல் பட்டது என்று தெரியும். எந்த ஊரில், எந்த வருடம், பக்கத்தில் யார் நின்றது? ஒருவரும் கேட்கவில்லை. தோளுக்குள் இன்னும் ஒரு துண்டு கிடக்கிறது, குளிருக்கு நோகிறது என்பார். "கிறீம் பூசுங்கோ அன்ரி" என்றுவிட்டுச் செல்ஃபிக்குத் திரும்பினோம்.

அவர் மோசம்போனதும் மரண அறிவித்தலுக்குப் படம் தேடினோம். ஸ்டூடியோத் தம்பி கணினியில் பட்டுச்சேலை உடுத்தி, அட்டியல் போட்டு, கன்னத்தையும் துடைத்துவிட்டார். "இப்பதான் அம்மா வடிவு" என்று சொன்னது நாங்கள்தான்.

தகனசாலைத் தாள்களையும் வாசிக்காமலே கையெழுத்திட்டோம். உலோகங்களை அகற்றச் சம்மதம் கேட்கும் வரி அதில் இருந்ததைப் பிறகு ஒரு பேத்திதான் வாசித்துச் சொன்னாள். செயற்கை மூட்டுகளில் இருக்கும் டைட்டேனியம் உருக 1668 பாகை செல்சியஸ் வேண்டும். தகன உலையின் சூடு அதற்குக் கிட்டவும் வராது. இடுப்பு மூட்டு, பல் தங்கம் எல்லாம் எலும்போடு மிஞ்சும். இரும்பைக் காந்தம் பிடித்துக்கொள்ளும், மற்றதைக் கையால் பொறுக்குவார்கள், எலும்பை அரைத்துக் கலசத்தில் இடுவார்கள். ஊரில் காடாற்றுக்கு நாங்களே எலும்பு பொறுக்கிக் கீரிமலைக் கடலில் கரைத்திருப்போம். இங்கே அந்த வேலையை முகம் தெரியாத ஒருவர் செய்கிறார். ஆள் மாறாதிருக்க எண் பொறித்த சுடுகல் ஒன்று கூடவே போகிறது.

உடலோடு இறுகச் சேர்ந்திருந்து எரியாமல் மிஞ்சுவதும் சாம்பலே என்று 2015இல் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, பல் தங்க வழக்கொன்றில். அந்த ஷெல் துண்டும் அவருடைய சாம்பல்தான். கேட்டு வாங்கியிருக்கலாம். எங்களுக்கு மண்டபத்துக்குப் பூ வருகிறதா என்ற கவலை.

தழும்போடு ஒரு படமும் எங்களிடம் இல்லை. எண்பதுகளில் அகதி விண்ணப்பத்தில் ஒட்டியது மட்டும் ஏதோ ஒரு கந்தோர்க் கோப்பில் இருக்கலாம்: ஒரு காது தெரிய, பொட்டில்லாமல்.